பச்சை கேட் போட்ட இரண்டு வீடுகள்

1

மண் எரிகிற வாசனை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அயர்லாந்தின் இந்த மேற்குக் கரையில் சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் அளவுக்கு வெட்டி, கோடையில் அடுக்கிக் காயவைத்து, குளிர்காலத்தில் கணப்பில் போட்டு எரிப்பார்கள். டர்ஃப் என்று பெயர். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் மாதங்களில் எங்கள் தெருப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாய் மூச்சுவிட ஆரம்பிக்கும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காறல். பதினாறு வருஷத்துக்கு முன்னால் முதல்முறை அது மூக்கில் ஏறியபோது பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டேன். தாராசுரம் போகிற வழியில் உமி போட்டு எரித்து நெல் அவிக்கிற மில் ஒன்று இருந்தது. அதே புகை. மில்லுக்கு எதிர்ச்சாரியில்தான் என் அண்ணன் சவரியின் பட்டறை. பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற தொழில்.

அண்ணன் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. வருஷப் பூசைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி, வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால் தெரு முழுக்க அந்தப் புகை. வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் இதை அண்ணிக்குப் போனில் படித்துக்காட்டினேன். முடியும்வரை ஒரு 'ம்' கூட இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அனுப்புங்க தம்பி" என்றார்.

2

நான் எழுதுகிறவன். இன்னும் சரியாகச் சொன்னால், இங்கே வரும்வரை எழுதிக்கொண்டிருந்தவன். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து வந்தோம். எனக்கு அதே ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் வேலை. தலையில் வலைத்தொப்பி, கையில் உருளைக்கிழங்கு. வந்த புதிதில் எனக்கு வருத்தமே இல்லை. பப் என்கிற மதுக்கடையின் சுவரில்கூட எழுத்தாளர் படத்தை மாட்டிவைக்கிற நாடு இது. இங்கே வந்துமா எழுத்து வராது?

விடுமுறை நாளெல்லாம் நோட்டோடு பஸ் ஏறினேன். செங்குத்துப் பாறைகள், கீழே வெள்ளையாய் நுரைக்கும் கடல், சுண்ணாம்பு பூசாத கல்வேலிகள், கூரை போன தேவாலயங்கள். படகேறித் தீவுகளுக்குப் போனேன். பப்பின் மூலையில் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து, எதிரில் யாரும் இல்லாததுபோல, ஒருவருக்கொருவர் மட்டும் வாசித்துக்கொள்ளும் பிடிலைக் கேட்டுக் கண் கலங்கினேன். எல்லாவற்றையும் எழுதினேன். மழையை மட்டும் நாற்பது விதமாக எழுதியிருப்பேன். எழுதியதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புவேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் முதல் வாசகர் அவர்தான். வார்னிஷ் ஒட்டிய விரலால் போனை உருட்டி உருட்டிப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்.

"மழை பெய்யுதுன்னு தெரியுதுடா."

"ம்."

"நனையல."

அவ்வளவுதான் விமர்சனம். பிறகு, மேட்டூரில் எத்தனை அடி, யார் வீட்டு மோட்டார் புகைந்தது, பங்குச் சாமியாரோடு யாருக்கு என்ன சண்டை என்று போவார். எனக்குக் கோபம் வரும். பதினைந்து வருஷமாக வந்த கோபம். அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

3

போன வருஷம் ஐப்பசி. ஊரில் அடைமழை. அண்ணன் பட்டறைக்குள் ஏறிய தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார் என்று அவர் மகன் ஜோசப் கூப்பிட்டுச் சொன்னான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் இல்லை.

என் பாஸ்போர்ட் கையில் இல்லை. புதுப்பிக்கத் தலைநகருக்கு அனுப்பியிருந்தேன். போன் செய்தால் ஒரு குரல் என்னை எண்களை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். அவசரப் பயணத்துக்கு வழியுண்டு, இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றது கடைசியில் கிடைத்த மனிதக்குரல். சான்றிதழ் வர நாலைந்து நாளாகும். ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற உடம்பு நாலைந்து நாள் இருக்குமா என்று அந்தக் குரலிடம் எப்படிக் கேட்பது? என் ஆங்கிலம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

வேலையிடத்தில் துக்க விடுப்புக்கு ஒரு படிவம். இறந்தவர் உங்களுக்கு யார்? பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தவர். கட்டத்தில் ஒரு டிக். மூத்தவரா இளையவரா என்று யாரும் கேட்கவில்லை. மனசு கேட்காமல் ஓரத்தில் தமிழில் 'அண்ணன்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய பெண் அதை என் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டாள்.

அடக்கத்தை வீடியோவில் பார்த்தேன். யாரோ ஒருவர் கையில் போன். பெரும்பாலும் குடைகளின் அடிப்பக்கமும், பேனா செருகிய ஒரு சட்டைப்பையும்தான் தெரிந்தன. சாமியார் ஆசீர்வதித்து மந்திரிக்கக் கையை உயர்த்தியதும் படம் உறைந்துவிட்டது. உயர்ந்த கை, ஒரு கயிறு, மழைக்கோடு. திரும்ப அசைந்தபோது எல்லோரும் மண்போட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணி படத்தில் வரவே இல்லை.

4

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம். பக்கத்துவீட்டு நோரீன் கதவைத் தட்டினாள். தபாலாபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள், புருஷன் இல்லாதவள். ஒவ்வொரு கையிலும் ஒரு மடக்கு நாற்காலி.

"அண்ணன் செத்துப்போயிருக்கார், வீட்ல ஒரு சத்தமும் இல்லையே" என்றாள்.

"இங்கே என்ன செய்வது நோரீன்? உடம்பு அங்கே இருக்கிறது. புதைத்தும் ஆயிற்று."

"அது அவரோட பிரச்சினை. நம்மகிட்ட டீ இருக்கு."

நாற்காலிகளை வைத்துவிட்டுப் போட்டோ கேட்டாள். என்னிடம் இருந்தது போனில் ஒரே படம்: பிரித்துப்போட்ட மோட்டாருக்குப் பின்னால் வெயிலுக்கு முகம் சுளித்து நிற்கிற அண்ணன். படமும் அச்சிட்டுத் தருகிற மருந்துக்கடைக்குப் போய் அதை அச்சிட்டு வந்து, சர்க்கரைக் கிண்ணத்துக்கும் ஹாம் சாண்ட்விச் தட்டுக்கும் நடுவில் நிறுத்தினாள். சமையலறைச் சன்னலைத் திறந்தாள். போகிறவருக்கு வழி வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்து மூடினாள். அவர் மனசு மாறித் திரும்பி வந்துவிடக் கூடாதாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் பாதி மழை உள்ளே வந்துவிட்டது.

தெருவே வந்தது. ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்றார்கள். எல்லோருக்கும் அதே வார்த்தைகள்தான். புதிதாக ஒன்று சொல்லி உருக்கிவிட வேண்டும் என்று யாருக்கும் இல்லை. எழுதுகிறவனுக்கு அது உறைத்தது. என் அண்ணனை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆப்பிள் கேக்கோடு வந்து, நனைந்த கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, அவர் போட்டோவை ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"ஆள் எப்படி?" என்றாள் நோரீன். "நல்லவர்னு சொல்லாதீங்க. செத்தவங்க எல்லாரும் நல்லவங்கதான். என்ன கூத்தடிச்சார், அதைச் சொல்லுங்க."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கம் துக்கவீட்டில் ஒருவன் பல்லைக் காட்டினால் பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். அண்ணன் அடக்கமாகி ஒரு நாள்தான் ஆகிறது. ஆனால் பன்னிரண்டு பேர் டீக்கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சொன்னேன்.

5

அண்ணனுக்குப் பெண் பார்க்கத் தஞ்சாவூர் போன கதை. முப்பத்திரண்டு வருஷம் இருக்கும். பெரியவர்கள் வேனில் வருவதாகவும், நானும் அண்ணனும் பஸ்ஸில் முன்னால் போவதாகவும் ஏற்பாடு. அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: மாதா கோயிலுக்குப் பின்தெரு, பச்சை கேட், நிலைக்கு மேலே சிலுவை. அந்தத் தெருவில் எல்லா நிலைக்கு மேலேயும் சிலுவை. பச்சை கேட் இரண்டு.

முதல் பச்சை கேட்டில் நின்றதுமே ஒரு பெரியவர், "வாங்க வாங்க, இன்னைக்கு வருவீங்கன்னு சொன்னாங்க" என்று அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"எத்தனை பேருங்க?"

"பெரியவங்க பின்னாடி வேன்ல வராங்க. எல்லாம் சேத்துப் பதினாலு பேரு" என்றார் அண்ணன்.

"பதினாலா? மாடி தாங்காதுங்களே!"

"அவங்கல்லாம் பாத்துட்டுக் கெளம்பிடுவாங்க. மத்தபடி நான் மட்டும்தாங்க."

பெரியவர் முகம் சுருங்கியது. "பேச்சிலரா? பேச்சிலருக்குக் குடுக்கறதில்லைங்களே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "பேச்சிலருக்குக் குடுக்காம வேற யாருக்குங்க குடுப்பீங்க?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் காபி கொண்டுவந்தாள். மஞ்சள் தாவணி. டம்ளர் விளிம்பில் ஒரு கீறல். அண்ணன் டம்ளரை வாங்கினார், குடிக்க மறந்துவிட்டார். "தண்ணி காலையில மட்டும்தான் வரும்" என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். "அதனாலென்னங்க, நான் அதிகாலையிலயே எந்திரிச்சிடுவேன்" என்று அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறார். மாடிப் போர்ஷன் வாடகைக்கு என்று வாசலில் தொங்கிய அட்டையை, வேன் வந்து நாலு வீடு தள்ளி நின்ற சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தபோதுதான் பார்த்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் என் காதருகே, "மொத வீட்டையே பேசி முடிச்சிருக்கலாமோடா" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் எது நடந்தாலும் "மாடி தாங்காதுங்களே" என்பதுதான் பேச்சு. அவருக்குச் சுகர் வந்தபோதும் அதையே சொல்லிச் சிரித்தார்.

நோரீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பேச்சிலர் இடத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னேன். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு எங்கோ வழுக்கிவிட்டது. சாவுச் செய்தி வந்து மூன்று நாளில் அப்போதுதான் அழுதேன். யாரும் தேற்றவில்லை. ஒருவர் என் கோப்பையில் டீ ஊற்றினார்.

எல்லோரும் போனபிறகு என் மகள் ஆக்னெஸ் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. பெரியப்பாவை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். அவள் பேசுகிற ஆங்கிலம் இந்த ஊர்க்காரர்களுடையது. தமிழ் என்னிடமிருந்து கடன்வாங்கியது மாதிரி தயங்கி வரும்.

"அப்பா, பெரியம்மாவுக்கு இந்தக் கதை தெரியுமா?"

"அது ரொம்பப் பழைய கதைம்மா."

"நான் அதைக் கேக்கலை."

6

மறுநாள் பூசைக்குப் போகாமல் சமையல் மேசையில் உட்கார்ந்தேன். ஒரே காலையில் அந்தப் பெண் பார்த்த கதை நாலு பக்கம். ஒரு வரிகூட அடிக்கவில்லை. பதினைந்து வருஷம் இந்த நாட்டின் பாறையையும் கடலையும் கேட்டுக்கொண்டு அலைந்தேன். அது எனக்குக் கொடுக்கவிருந்ததை இரண்டு மடக்கு நாற்காலியோடு ஒரு கிழவி தூக்கிக்கொண்டு வந்தாள். செத்தவரை உட்காரவைத்துச் சிரிக்கலாம் என்கிற அனுமதி. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. தெரியாதவர்களெல்லாம் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். சென்னைப் பதிப்பாளர் ஒருவர், இதையே முதலில் வைத்து ஒரு புத்தகம் போடலாம் என்றார். எப்போதும் செய்வதுபோல, ஒரு பிரதியை அண்ணன் முகவரிக்கு அனுப்பச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினேன். பழகிய விரல் தானாக அடித்த முகவரி. அந்த வீட்டில் இப்போது உறையைப் பிரிப்பது யார் என்று நினைக்கவில்லை.

நினைக்கவில்லை என்பது பொய். ஒரு நிமிஷம் நினைத்தேன். நன்றாக வந்திருக்கிறதே, படிக்கட்டுமே என்று இருந்தது.

7

இந்த ஐப்பசியில் ஊரில் மழை கொஞ்சம் நிதானமாகப் பெய்தது. சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு லீவு இல்லை, ஆக்னெசுக்குப் பரீட்சை. நான் மட்டும் போனேன். அண்ணி பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எப்போதும்போல "வாங்க தம்பி, எளைச்சுட்டீங்களே" என்றார். பூசை, கல்லறை மந்திரிப்பு, சாப்பாடு எல்லாம் நடந்தது. ஜோசப் மறுநாளே சென்னைக்கு ரயிலேறினான். வீட்டில் நானும் அண்ணியும்.

டிவி அலமாரியில் அந்தப் பத்திரிகை இருந்தது. பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவதுபோல பிரவுன் பேப்பர் அட்டை போட்டிருந்தார். எடுத்துப் பிரித்தேன். என் நாலு பக்கத்தில் இரண்டு இடத்தில் அச்சுப்பிழையைப் பென்சிலால் திருத்தியிருந்தார். வேறு ஒரு கோடு இல்லை, குறி இல்லை.

சமையலறையில் அண்ணி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"படிச்சீங்களா அண்ணி?"

"படிச்சேனே. நல்லா இருந்துச்சு. பேச்சிலர் எடத்துல நானே சிரிச்சுட்டேன்."

"உங்ககிட்ட சொல்லாம எழுதியிருக்கக் கூடாது. புத்தகத்துல போடப்போறாங்க. வேணாம்னா எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? நடந்ததுதானே." இன்னும் இரண்டு காய் உரித்தார். "முப்பத்திரண்டு வருஷம். எங்கிட்ட ஒரு தடவை சொல்லலை பாருங்க. சொல்லியிருந்தா ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், அப்புறம் நானும் சேந்து சிரிச்சிருப்பேன். 'மாடி தாங்காது, மாடி தாங்காது'ன்னு நீங்க ரெண்டு பேரும் போன்ல சிரிக்கறப்பல்லாம் ஏதோ பட்டறை விஷயம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கீழே விழுந்த ஒரு காயை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

"அதுகூடப் பரவால்ல தம்பி. நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. மொத வீட்டுக்கு மூணு பக்கத்துக்கு மேல. அந்தப் பொண்ணு தாவணி, டம்ளர்ல கீறல், ஒண்ணு விடல. எங்க வீட்டுக்கு ஒரு வரி. 'பிறகு சரியான வீட்டுக்குப் போனோம்.'" வாத்தியார் குரலில், நிறுத்தி, மனப்பாடமாகச் சொன்னார். "அவ்வளவுதானா நான்?"

அவரைக்காய் நார் விரலில் சுற்றியிருந்தது. அதைப் பிரித்து எடுத்தார்.

"அன்னைக்கு நான் என்ன பொடவை கட்டியிருந்தேன்?"

யோசித்தேன். தெரியவில்லை.

"பரவால்ல, பொடவைய விடுங்க. திரும்பப் போறப்ப பஸ்ல மொத வீட்டைப் பத்திச் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க. என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

பஸ் நினைவிருந்தது. கண்டக்டரின் விசில், முன்சீட்டில் மடியில் வாழைத்தாரோடு ஒரு பெண்பிள்ளை, அண்ணனின் சட்டையில் அந்த நாளுக்கென்று போட்ட சென்ட்டு. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரைக்கும் ஒன்றரை மணி நேரம். ஒன்றரை மணி நேரத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். சரி என்று சொன்னவர் அவர்தானே, யாரும் வற்புறுத்தவில்லை. அவ சிரிச்சா நல்லா இருக்குடா. படிச்ச பொண்ணு, பட்டறைக்காரனைக் கட்டிக்குமாடா. இப்படி ஒன்று, அப்படி ஒன்று, வரிசையாக வந்து நின்றன. எல்லாம் அண்ணன் குரலிலேயே. எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். அண்ணி அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவார். என் தொழிலே அதுதானே. வாயைத் திறந்தேன்.

"வேணாம்" என்றார் அண்ணி. "மேல பாத்து யோசிக்கிறீங்க. பிள்ளைங்க வீட்டுப்பாடம் எழுதலன்னா இப்படித்தான் பாப்பாங்க."

இருவருமே சிரித்தோம். பிறகு அவர் எழுந்து காயைக் கழுவப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. இரண்டு பிடிக் காய்க்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

அன்று மத்தியானம் பதிப்பாளருக்குப் போன் செய்து, புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன். என்ன ஆயிற்று என்றார். ஒரு பக்கம் குறைகிறது என்றேன். எழுதிக் கொடுங்கள், அதிலென்ன என்றார். எழுத முடியாத பக்கம் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. யோசித்தால் எனக்கே அது புதிது.

இரண்டு நாள் பாக்கியிருந்தது. பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி, அந்தத் தெருவுக்குப் போய், திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். பாபநாசம் தாண்டியபோது ஏதோ வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. கேலிக்காக மட்டும் அண்ணனை ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன். மீதி அண்ணன் அண்ணியிடம் இருந்திருக்கிறார். அதில் ஒரு துண்டு மட்டும் என்னிடம் இருக்கிறது என்று நம்பி அவர் கேட்கிறார். என்னிடம் இல்லை.

திரும்பக் கிளம்புகிற காலையில் திருச்சி விமான நிலையத்துக்குப் போகக் கார் வாசலில் வந்து நின்றது. தூறல். அண்ணி கும்பகோணத்துக் காபித்தூளையும், ஆக்னெசுக்கு ஒரு பாவாடைத் துணியையும் பெட்டிக்குள் திணித்தார். "பிள்ளை இதெல்லாம் உடுத்துமா?" என்றார். உடுத்துவாள் என்றேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். அண்ணி குடையோடு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இறக்கினேன். உள்ளே மழை அடித்தது.

"அந்த பஸ்ல சொன்னது எப்பவாச்சும் ஞாபகம் வந்தா எழுதிடாதீங்க தம்பி. போன் பண்ணி எங்கிட்ட சொல்லுங்க."